தொழுறோம் சரி, எதுக்குன்னு கேட்டுப் பாத்திருக்கமா? இபாதத்துல, அதாவது வணக்கத்துல, நாம பண்ற தப்புகள்

"ஜின்களையும் மனுசங்களையும் என்னை வணங்குறதுக்காகவே தவிர நான் படைக்கல"ன்னு குர்ஆன்ல தாரியாத் சூராவோட (அத்தியாயத்தோட) 56வது ஆயத்து (வசனம்) எல்லா பயான்லயும் (மார்க்கச் சொற்பொழிவுலயும்) வரும், கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆயிருக்கும். அடுத்த ஆயத்த அவ்வளவா சொல்றதில்ல. "அவங்ககிட்ட நான் எந்த ரிஸ்க்கையும் (வாழ்வாதாரத்தையும்) கேக்கல, எனக்கு சாப்பாடு போடணும்னும் நாடல"ன்னு அதுல இருக்கு. அல்லாஹ்வுக்கு நம்ம தொழுகை தேவைங்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு, நான் அஞ்சு வக்தும் (வேளையும்) தொழுறேன் எனக்கு ஏன் வியாபாரம் படுத்துச்சுன்னு கணக்கு கேக்குறதுதான் முதல் தப்பு. துஆ (பிரார்த்தனை) கேக்கலாம், தாராளமா கேக்கலாம், ஆனா பில் போடக்கூடாது. குர்பானிய (பலி கொடுக்கிறத) பத்தி ஹஜ் சூரா 37வது ஆயத்துலயும் இதுதான், கறியும் ரத்தமும் அல்லாஹ்கிட்ட போய்ச் சேராது, உங்க தக்வாதான் (இறையச்சம்தான்) சேரும்.

ரெண்டாவது, வேகம். இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நானும் இதுல மாட்டுன ஆளுதான். ஒருத்தர் பள்ளிக்கு வந்து தொழுதுட்டு நபி (ஸல்) அவங்களுக்கு சலாம் சொல்றாரு, "திரும்பப் போய் தொழுங்க, நீங்க தொழவே இல்ல"ங்கிறாங்க, அவரும் போய் தொழுதுட்டு வர்றாரு, மறுபடி அதே பதில், இப்படியே மூணு தடவ. கடைசில அவரே "இதவிட நல்லா எனக்குத் தெரியாது, கத்துக் கொடுங்க"ன்னு கேட்டுட்டாரு. புகாரி, முஸ்லிம்ங்கிற ரெண்டு தொகுப்புலயும் இருக்கிற ஹதீஸ் (நபியோட சொல், செயல் பத்தின செய்தி) இது. ருகூவுல (குனியிற நிலையில) நிதானம் வர்ற வரைக்கும் நில்லுங்க, சுஜூதுலயும் (நெத்திய தரையில வைக்கிறதுலயும்) அப்படியேன்னு கத்துக் கொடுக்கிறாங்க. அங்க வர்ற அரபி வார்த்தை "தத்மஇன்ன", நிலைகொள்றதுன்னு அர்த்தம். இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கங்க.

மூணாவது தப்பு, ரொம்பக் கேள்வி கேட்டா ஈமான் (இறைநம்பிக்கை) போயிரும்னு பயமுறுத்துறது. பகரா சூரா 260வது ஆயத்துல இப்ராஹீம் நபி "யா ரப்பே, செத்தவங்கள எப்படி உயிராக்குறேன்னு எனக்குக் காட்டு"ன்னு கேக்குறாங்க. "நீர் நம்பலையா?"ன்னு அல்லாஹ் கேக்க, "நம்புறேன், ஆனா என் கல்பு (மனசு) நிம்மதியாகணும்"னு பதில். அல்லாஹ் கோவிக்கல, நாலு பறவைகள எடுக்கச் சொல்லி வழிதான் காட்டினான். அங்க வர்ற வார்த்தை "லியத்மஇன்ன கல்பீ". அதே வேர்ச்சொல்! உடம்பு ருகூவுல நிலைகொள்றதுக்கும், தெரிஞ்சுக்கிட்ட பிறகு மனசு நிலைகொள்றதுக்கும் ஒரே சொல். இத முதல்ல கவனிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அறிவு ஈமானைக் கூட்டுமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இந்த ரெண்டு இடமும்தான், தெரிஞ்சுக்கிறது அவசரத்தைக் குறைக்குது, அவசரம் குறைஞ்சா வணக்கத்துல உயிர் வருது.

இன்னொன்னு, இல்முன்னாலே (அறிவுன்னாலே) மதரஸாவுல வாங்குற ஸனதுதான் (பட்டம்தான்)னு நினைக்கிறது. "அடியார்கள்ல அறிவுள்ளவங்கதான் அல்லாஹ்வ பயப்படுறாங்க"ங்கிற ஃபாத்திர் சூரா 28வது ஆயத்த எடுத்துப் பாருங்க, அதுக்கு முன்னாடி பேசுறதெல்லாம் மழை, கலர் கலரா பழங்கள், வெள்ளையும் சிவப்புமா கோடு ஓடுற மலைகள், மனுசங்க, ஆடுமாடுங்க. பயாலஜி படிக்கிற பிள்ளைக்கும் அதுல பங்கு இருக்கு.

அதுக்காக தெரிஞ்சா மட்டும் போதும்னும் எடுத்துக்காதீங்க. இப்லீஸுக்கு (ஷைத்தானுக்கு) தெரியாததா? சுஜூது செய்ய மறுத்த பிறகும் "என் ரப்பே"ன்னு கூப்பிட்டுத்தான் அவகாசம் கேட்டான். ஆலிம்னு (மார்க்க அறிஞர்னு) ஊரு சொல்லணும்னே படிச்சவரு, மறுமையில முதல்ல தீர்ப்பு சொல்லப்பட்டு நரகத்துல போடப்படுற மூணு பேர்ல ஒருத்தர்னு முஸ்லிம்ல ஹதீஸே இருக்கு. வாட்ஸப்ல பாதி ராத்திரி வரைக்கும் மஸாயில் (மார்க்கச் சட்ட) சண்ட போட்டுட்டு சுப்ஹுக்கு (விடியக்காலத் தொழுகைக்கு) தூங்கிர்றது எந்தக் கணக்குன்னு தெரியல.

கடைசியா வெக்கம். மூணு தடவ திரும்பத் தொழுத அந்த ஸஹாபி (நபித்தோழர்) எல்லாரும் இருக்கிற பள்ளியிலயே எனக்குத் தெரியாதுன்னு சொன்னாரு, நாம 40 வயசுலயும் அத்தஹிய்யாத்து (தொழுகையில உக்காந்து ஓதுறது) சரியா ஓதுறமான்னு கேக்கக் கூசுறோம். நான் ஒருவழியா துணிஞ்சு எங்க பள்ளி ஹஸ்ரத்கிட்ட (மார்க்க ஆசிரியர்கிட்ட) கேட்டதுக்கு, சாயங்காலம் மக்தப் (குர்ஆன் ஓதுற வகுப்பு) பிள்ளைகளோட வந்து ஒக்காருங்கன்னுட்டாரு. போனேன். என்னோட 'ஐன்'ங்கிற அரபி எழுத்து உச்சரிப்பைத் திருத்துனவனுக்கு வயசு எட்டு.