சுரங்க மெட்ரோ என்றாலே படபடப்பா? இறங்கி ஓடாமல் பழகும் முறை

சென்னை மெட்ரோவில் ஆலந்தூரில் ஏறிக் கோயம்பேடு வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிற சிலருக்கு, வண்டி திருமங்கலத்தை நோக்கிப் பூமிக்குள் இறங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஆட்டோ பிடித்துவிடுவார்கள். வெளியே வந்ததும் 'அப்பாடா' என்று இருக்கும். வினையே அந்த அப்பாடாவில்தான். ஓடி வந்ததால் பிழைத்தோம் என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அசோக் நகர் தாண்டும்போதே படபடப்பு ஆரம்பிக்கிறது. பயத்தை வரவிடாமல் செய்வது நம் கையில் இல்லை. வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை மாற்றலாம்.

முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாடி ஏறினால் நெஞ்சு வலிப்பது, அடிக்கடி மயங்கி விழுவது, தைராய்டு, ஆஸ்துமா இவற்றையெல்லாம் பயம் என்று நினைத்துக்கொண்டு பயிற்சியில் இறங்கக் கூடாது.

உடம்பில் நடப்பது இது: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினால் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். மயங்கி விழ ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பயத்தில் அது பெரும்பாலும் ஏறுகிறது. ரத்தம், ஊசி பார்த்து மயங்குகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கான பயிற்சியே வேறு.

இனி, சுலபமானதில் தொடங்கிக் கடினமானது வரை பழகும் படிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போட்டு, 30, 40 வாங்குகிற படியில் ஆரம்பியுங்கள். டிக்கெட் எடுக்காமலே திருமங்கலம் ஸ்டேஷனின் டிக்கெட் கவுன்டர் தளத்தில் கால் மணி நேரம் நிற்பது ஒரு படி. கோயம்பேட்டிலிருந்து திருமங்கலம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன் போவது அடுத்தது. இது சில நிமிடத்தில் முடிந்துவிடும், பயம் அடங்க நேரம் போதாது. அதனால் ஒரே நாளில் நான்கைந்து முறை போய் வாருங்கள். பிறகு ஷெனாய் நகர், அப்புறம் எழும்பூர், சென்ட்ரல். காலை ஆபீஸ் நேரக் கூட்டம் கடைசிப் படி. எடுத்த எடுப்பில் அதில் போய் நிற்பவர்கள்தான் பாதியில் இறங்கி, 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏறுவதற்கு முன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'வண்டி சுரங்கத்தில் நின்றுவிடும், மூச்சு நின்று விழுவேன். நம்பிக்கை 80 சதவீதம்.' இறங்கியதும் அதன் கீழேயே: 'ஷெனாய் நகர் வரை போனேன். கை மரத்தது, வியர்த்தது. விழவில்லை.' சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள். பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று எழுத்தில் பார்க்கும்போதுதான் மனசில் ஏறும்.

உள்ளே இருக்கும்போது பயத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'நெஞ்சு வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை ஈரம், மதிப்பெண் 70' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அப்படியே நில்லுங்கள். கடும் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுவிட்டு இறங்கும்.

பலருக்கு முன்னேற்றம் தடைப்படுவது இங்கேதான்: கதவோரமே நிற்பது, தண்ணீர் பாட்டிலை விடாமல் பிடித்திருப்பது, வீட்டுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே வருவது, காதில் பாட்டு. இவை இருக்கும்வரை, 'பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்' என்றே மூளை கணக்கு எழுதும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், துணைக்கு வருபவரை முதலில் பக்கத்துப் பெட்டிக்கு அனுப்பலாம். சாமி கும்பிடுவதைப் பற்றியும் கேட்பார்கள். தினமும் கும்பிடுகிறவர் கும்பிடட்டும். படபடப்பை நிறுத்த மட்டும் கந்த சஷ்டி கவசம் சொன்னால் அதுவும் தண்ணீர் பாட்டில் மாதிரிதான். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

தாங்க முடியாமல் இறங்கிவிட்டீர்களா? மேலே ஏறி வெளியே போய்விடாதீர்கள். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, மதிப்பெண் பாதியாகக் குறைந்ததும் அதே திசையில் வரும் அடுத்த வண்டியில் ஏறுங்கள். வாரத்துக்கு நான்கு நாளாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் பழகாது. ஒரு படி சுலபமானதும் நேரத்தையும் பெட்டியையும் மாற்றிப் பாருங்கள். சைதாப்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை போகும் நீல வழித்தடமும் சுரங்கம்தான். அதிலும் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் மெட்ரோ பக்கமே போகாமல் இருந்தால் பயம் திரும்ப வரும். அப்போது இரண்டு படி கீழிருந்து தொடங்கினால் போதும், முதல் தடவை ஆன அளவு நாள் ஆகாது.

சில வாரம் முயன்றும் முதல் படியிலேயே நின்றால், அல்லது வீட்டை விட்டு வெளியே வரவே பயமாக இருந்தால், தனியாகப் போராட வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.