முதல் மான்ஸ்டர் டிரக் வாங்கும் முன் உங்கள் மண்ணைப் பாருங்கள்

பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், தறி மோட்டார், கோழிப்பண்ணை ஃபேன் மோட்டார் எல்லாம் காயில் கட்ட வரும். வேலை முடிந்தால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் ரிமோட் மான்ஸ்டர் டிரக் ஓட்டுவேன். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஏனுங்ண்ணா, எது ரொம்ப வேகமாப் போகுமுங்க?" நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். "எங்க ஓட்டப் போறீங்க? ஒடஞ்சா பார்ட்ஸ் எங்க வாங்குவீங்க?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வண்டி முடிவான மாதிரிதான். வேகம் அப்புறம்.

மான்ஸ்டர் டிரக் என்றால் பெரிய டயர், உயர்ந்த வயிறு, நீளமாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஊரில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 வண்டிக்குப் பெரிய சக்கரங்களை மாட்டி 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்தார். 1981-ல் அதைப் பழைய கார்களின் மேலே ஏற்றி நசுக்கிக் காட்டினார். அந்த வகை வண்டியை ரிமோட்டில் ஜப்பானின் தமியா நிறுவனம் 1986-ல் பிளாக்ஃபுட், 1987-ல் கிளாட் பஸ்டர் என்று கொண்டுவந்தது. மேடு பள்ளத்துக்கென்றே பிறந்த வண்டி என்பதால் நம் ஊர்க் காட்டுக்கு நன்றாகவே ஒத்துவரும். சமதளத்தில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பக்கி, டிரகி என்கிற உயரம் குறைந்த வண்டிகளில் ஒன்றை எடுங்கள்; இந்த உயரம் அங்கே இடைஞ்சல்தான்.

நம் பக்கம் மண் ஊருக்கு ஊர் மாறும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகள், அதாவது மேய்ச்சல் நிலங்கள். கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே சரளைக்கல்லும் வெள்வேல முள்ளும் கிடக்கும். முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். இந்த டயர்களில் பெரும்பாலும் காற்று கிடையாது, உள்ளே ஃபோம்தான். சரளைதான் வேலை வைக்கும். சின்ன வண்டியின் வயிறு கல்லுக்குக் கல் தட்டும். அங்கே ஓட்டுகிறவர்கள் 1/10 அளவு வாங்குங்கள். 1/10 என்றால் நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. எண் கூடக் கூட வண்டி சின்னது: 1/16, 1/18, 1/24 என்று இறங்கும்.

பொள்ளாச்சி, உடுமலைத் தென்னந்தோப்பு என்றால் காய்ந்த மட்டை, பாளை, சொட்டுநீர்க் குழாய். 1/10 வண்டி குழாயின் மேல் சாதாரணமாக ஏறிப் போகும், 1/24 தடுமாறும். ஆனால் குழாய் மேலே நின்றபடி டயரைச் சுழல விடாதீர்கள். அடுத்தவர் தோட்டம் என்றால் கேட்டுவிட்டு, தண்ணீர் பாயாத பக்கமாக ஓட்டுவதுதான் மரியாதை. கரிசல் நிலத்தில் மழைக்கு மறுநாள் ஓட்டவே ஓட்டாதீர்கள். களிமண் டயரில் அப்பி அப்பிச் சக்கரம் கனத்துவிடும். அந்தப் பாரத்தை மோட்டார் இழுத்துக் காயும்.

சிமென்ட் களம் பார்க்கச் சுகமாக இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியை அதிகம் கவிழ்ப்பது அங்கேதான். பிடிமானம் கூடுதல், வண்டி உயரம், வேகத்தோடு ஸ்டியரிங்கை ஒடித்தால் உருண்டுவிடும். களத்தில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துப் பழகுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்று உண்டு: நூல். கம்பெனிகள் இருக்கும் தெருவிலும் காலி இடத்திலும் பனியன் நூல் கிடக்கும். அது அச்சில் சுற்றிக்கொண்டு பேரிங்குக்குள் இறங்கி அதைத் தின்றுவிடும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கிற பழக்கம் அங்கே கட்டாயம் வேண்டும். கோவையில் அபார்ட்மென்ட் மொட்டை மாடிதான் இடம் என்றால் 1/18, 1/24 போதும். கைப்பிடிச் சுவரில் மோதினாலும் எடை குறைவு என்பதால் அதிகம் உடையாது.

அடுத்தது, பொம்மைக் கடை வண்டியா, கழற்றிப் பழுது பார்க்கக் கூடிய ஹாபி வண்டியா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ரிமோட்டின் ஸ்டியரிங் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரமும் கொஞ்சமாகத் திரும்பினால் நல்லது. முழுசாக ஒரு பக்கம் படாரென்று ஒடிந்தால் அது பொம்மை. பிறகு கடைக்காரரிடம், "இந்த வண்டிக்கு முன்பக்க ஆர்ம் ஒரு ஜோடி எடுங்க" என்று கேளுங்கள்; ஆர்ம் என்றால் சக்கரத்தைத் தாங்கும் கை. கையில் எடுத்துக் கொடுத்தாலோ, இத்தனை நாளில் வரவழைத்துத் தருகிறேன் என்று விலையோடு சொன்னாலோ நம்பலாம். "அதெல்லாம் உடையாதுங்க" என்றால் வந்த வழியே திரும்புங்கள். மான்ஸ்டர் டிரக் உடையும். குதிக்க வைக்கத்தானே வாங்குகிறோம்? உடைந்ததை மாற்றி அன்றைக்கே மறுபடி ஓட்ட முடிகிறதா என்பதில்தான் ஹாபி வண்டியின் மதிப்பே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்க நினைக்கிறவர்கள் வரியையும் கணக்கில் சேருங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. பார்சல் விலையை மட்டும் பார்த்து ஆசைப்பட்டால் கணக்கு உதைக்கும். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் பல நேரம் வண்டி தனியாகத்தான் வரும். முதல் வண்டியை இந்தியாவிலேயே இருப்பு வைத்து விற்கிற கடையில் வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு, கொஞ்சம் கூட ஆனாலும் சரி.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். மோட்டாரில் இரண்டு வகை: பிரஷ் உள்ளது, பிரஷ்லெஸ். பிரஷ் மோட்டாருக்குள் உங்கள் வீட்டு மிக்ஸியில் இருப்பது போலக் கார்பன் பிரஷ் உண்டு; அது சுழலும் செப்பு வளையமான கம்யூடேட்டரில் உரசி உரசித் தேயும். 540, 550 என்று எண் சொல்வார்கள். இரண்டும் ஏறக்குறைய 36 மி.மீ. குறுக்களவுதான், 550 கொஞ்சம் நீளம், இழுவை கூடுதல். பெரிய டயருக்கு அந்த இழுவை வேண்டும். 12 டர்ன் என்று எழுதியிருந்தால், சுழலும் பாகமான ஆர்மேச்சரின் ஒவ்வொரு பல்லிலும் 12 சுற்று கம்பி என்று பொருள். சுற்று குறைந்தால் வேகம் கூடும், கரன்ட்டும் கூடும், சூடும் கூடும். சுற்று கூடினால் நிதானமாக, குளிர்ச்சியாக ஓடும். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்வதற்குப் பிரஷ் இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் வேகம், கூடுதல் நேரம். அதில் கேவி என்று ஒரு எண் இருக்கும். 3000 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு 3000 சுற்று, 7.4 வோல்ட் கொடுத்தால் பாரம் இல்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று. நல்ல மோட்டார்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டிப் பழகாத கை அந்த வேகத்தில் போய் மோதினால் ஆர்ம், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, அதிர்வைத் தாங்கும் ஷாக் எல்லாம் ஒரே அடியில் போகும். முதல் வண்டிக்குப் பிரஷ் மோட்டார் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் போனாலும் புதிது வாங்கப் பெரிய செலவு ஆகாது. பிரஷ்லெஸ்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், ரிமோட்டிலேயே வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

சூட்டைப் பற்றி ஒன்று. ஓட்டிவிட்டு மோட்டார் உடம்பில் விரலை வைத்தால் இரண்டு மூன்று விநாடிகூடத் தாங்க முடியவில்லை என்றால் அது கஷ்டப்படுகிறது. சிலர் இன்னும் பெரிய டயர் மாட்டிவிட்டு மோட்டார் கருகுதே என்று வருவார்கள். டயர் பெரிதானால் மோட்டாருக்குப் பாரம் கூடும். மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்துப் போட வேண்டும். பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு தாளை வைத்து அழுத்தி மோட்டாரின் திருகை இறுக்கிவிட்டுத் தாளை உருவினால் இடைவெளி சரியாக வரும். ஆடிக்காற்றில் பறக்கிற புழுதி மோட்டாரின் ஓட்டை வழியே உள்ளே போகும். அந்த மாதங்களில் ஓட்டி முடித்ததும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

டூ வீலா, ஃபோர் வீலா? அதாவது மோட்டார் இரண்டு சக்கரத்தைச் சுழற்றுவதா, நான்கையுமா? 1/10 அளவில் டூ வீல் எடுங்கள். உதிரிகள் குறைவு, கழற்றி மாட்டச் சுலபம், பின்பக்கம் வழுக்குவதைச் சமாளிக்கப் பழகினாலே ஓட்டத் தெரிந்த மாதிரி. ஃபோர் வீல் மேடு நன்றாக ஏறும், ஆனால் முன்னால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ஒரு டிஃப்பும் அதற்கான ஷாஃப்ட்டும் பேரிங்கும் சேர்ந்து வரும். 1/16, 1/18-ல் கிடைப்பது பெரும்பாலும் ஃபோர் வீல்தான், அதை அப்படியே வாங்கலாம்.

பெயர் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: 1/10-ல் டிராக்ஸஸ் ஸ்டாம்பீட் டூ வீல், பிரஷ் மோட்டார். அதே நிறுவனத்தின் ரஸ்ட்லர், பேண்டிட், ஸ்லாஷ் டூ வீல் வண்டிகளோடு பல உதிரிகள் ஒத்துப்போகும் என்பதால் பார்ட்ஸ் தேடி அலைவது குறையும். மோட்டாருக்குப் போகும் சக்தியைக் கட்டுப்படுத்தும் அதன் எக்ஸ்எல்-5 கண்ட்ரோலரில் டிரெய்னிங் மோடு இருக்கிறது, பாதி சக்தியில்தான் ஓடும். சின்னப் பையன் கையில் கொடுக்க அது பெரிய உதவி. அதே விலைப் பக்கத்தில் ஆர்மா கிரானைட்டையும் பாருங்கள். கையில் பணம் குறைவு, இடமும் சின்னது என்றால் ஹெச்பிஎக்ஸ் 16889, டபிள்யூஎல் டாய்ஸ் ஏ979 போன்றவை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பிடிக்கும் என்கிறவர்களுக்குத் தமியா லன்ச் பாக்ஸ். பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமே கட்ட வேண்டும். ரேடியோ, பேட்டரி, சார்ஜர் தனி. அதன் உடம்பு கடின பிளாஸ்டிக், உயரத்திலிருந்து குதிக்க வைத்தால் விரிசல் விடும். கட்டுகிற சுகத்துக்காக வாங்க வேண்டிய வண்டி அது.

பட்ஜெட்டில் கால் பங்கைப் பேட்டரி, சார்ஜர், உதிரிக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வண்டி பாருங்கள். பெட்டியோடு வருகிற நிக்கல் பேட்டரி பழகுவதற்குப் போதும். லிப்போவுக்கு, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிக்குப் போகும்போது நிதானம் வேண்டும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுப்போகும். அதனால் கண்ட்ரோலரில், அந்த அளவுக்கு இறங்குமுன் நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்எல்-5-ல் விளக்கு பச்சையாக எரிந்தால் போட்டிருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். 3000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் 3 ஆம்பியரில் ஏற்றுங்கள். சிமென்ட் தரையில், தீப்பிடிக்காத பையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருந்து ஏற்றுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஊதிப் போன பேட்டரியை அந்த நிமிடமே ஒதுக்கிவிடுங்கள். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டு மூடுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிப்போவை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போவது மாதிரி ஆபத்து வேறு இல்லை.

'வாட்டர் ப்ரூஃப்' என்று பெட்டியில் இருந்தால் அது மின் பாகங்களுக்குத்தான். பேரிங் துருப்பிடிக்கும். வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே காயவைத்து எண்ணெய் விடுங்கள்.

ஹாபி வண்டிகளின் பெட்டியில் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் நீங்கள் கூடவே நில்லுங்கள். 1/10 வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் தொடும், கணுக்காலில் பட்டால் எலும்பு தாங்காது. ரோட்டில் ஓட்டவே கூடாது. ஆடு மாடு மேயும் பக்கமும் வேண்டாம், மிரண்டு கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

வண்டி வந்ததும் ஓட்ட ஓடாதீர்கள். எல்லாத் திருகையும் ஒரு சுற்று பாருங்கள். இரும்பில் இரும்பு ஏறும் இடத்தில் மட்டும் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு, பிளாஸ்டிக்கில் வேண்டாம். முதலில் ரிமோட்டை ஆன் செய்து அப்புறம் வண்டியை ஆன் செய்யுங்கள், நிறுத்தும்போது முதலில் வண்டி, கடைசியில் ரிமோட். மாற்றிச் செய்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு ஓட வாய்ப்பு உண்டு. முதல் பேட்டரி முழுக்கப் பாதி வேகத்தில் எட்டுப் போடுங்கள். வண்டி உங்களைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், கை அதற்குப் பழகும்வரை குதிக்க வைக்க வேண்டாம். பையில் முன்பக்க ஆர்ம் ஒரு ஜோடி, ஒரு ஸ்பர் கியர், வண்டியின் மேல்மூடியைப் பிடிக்கும் பாடி கிளிப் ஒரு கைப்பிடி, 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர், சக்கர நட்டுக்கு 7 மி.மீ. ஸ்பேனர். இவ்வளவும் வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்ம் உடைந்தால் கடை திறந்திருக்காது.