யோசெமிட்டியில் முதல் கோடை கேம்பிங்: முன்பதிவிலிருந்து டென்ட் மடிப்பது வரை

கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) காரில் நாலு மணி நேரம் ஓட்டினால் சியரா நெவாடா மலையிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்கா வந்துவிடும். குடும்பத்தோடு முதல்முறை டென்ட் போட இது நல்ல இடம். குழாய்த் தண்ணீர் உண்டு, ஃப்ளஷ் டாய்லெட் உண்டு, மறந்துபோன உப்பை வாங்கக் கடையும் உண்டு. ஆனால் ஜூலையில் போக ஜூன் மாதம் யோசித்தால் இடம் கிடைக்காது. வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

1. எந்த உயரம், எந்த மாதம்?

யோசெமிட்டி பள்ளத்தாக்கு சுமார் 4,000 அடி உயரம். ஜூலையில் பகல் வெயில் 32 டிகிரி செல்சியஸ் வரை அடிக்கும், இரவில் 14, 15 டிகிரி இருக்கும். அதே பூங்காவில் மேலே இருக்கும் புல்வெளிப் பகுதியான துவாலமி மெடோஸ் 8,600 அடி. அதே ஜூலையில் அங்கே பகலே 21 டிகிரிதான், இரவில் 3, 4 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த உயரத்தில் முதல் இரவு தலைவலி வரலாம், தூக்கமும் சரியாக வராது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையோ சின்னக் குழந்தைகளையோ நேராக அங்கே கூட்டிப்போக வேண்டாம். முதல் பயணத்துக்குப் பள்ளத்தாக்கையே தேர்ந்தெடுங்கள்.

துவாலமிக்குப் போகும் டயோகா சாலை பனி விலகிய பிறகுதான் திறக்கும். வழக்கமாக மே கடைசி அல்லது ஜூன். 2023-ல் பனி அதிகமாக விழுந்ததால் ஜூலை 22 வரை திறக்கவில்லை.

மே, ஜூனில் அருவிகள் நிரம்பி ஓடும். ஆகஸ்டில் யோசெமிட்டி அருவி பெரும்பாலும் வற்றிப்போய்விடும், காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ளலாம். 2018 ஜூலை கடைசியில் தீயால் பள்ளத்தாக்கையே மூடினார்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை போவது எங்கள் பரிந்துரை.

2. முன்பதிவு

அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ் போன்ற பள்ளத்தாக்கு கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஐந்து மாதம் முன்பே, மாதத்தின் 15-ஆம் தேதி காலை சரியாக 7 மணிக்கு (பசிபிக் நேரம்) பதிவு திறக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்கான தேதிகள் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால்:

- கணக்கை முதல் நாளே தொடங்கி, கார்டு விவரம் கையில் தயாராக இருக்கட்டும். 6.55-க்கே உள்நுழைந்துவிடுங்கள்.
- ஒரே சைட்டை (டென்ட் போடும் இடத்தை) பிடித்துத் தொங்காமல் நாலைந்து சைட் எண்களை எழுதி வையுங்கள்.
- வெள்ளி, சனி கிடைக்காவிட்டால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை பாருங்கள்.
- எதுவும் சிக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பயணத் தேதி நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள், அதே தளத்தில் அந்த இடங்கள் தோன்றும்.

ஒரு சைட்டில் ஆறு பேர், இரண்டு கார், அவ்வளவுதான். குழந்தைகளும் அந்த ஆறில் அடக்கம். இரண்டு குடும்பம் சேர்ந்து எட்டுப் பேர் என்றால் இரண்டு சைட் வேண்டும். யார் பெயரில் பதிவோ அவர் புகைப்பட அடையாள அட்டையோடு நேரில் இருக்க வேண்டும்.

3. டென்டும் படுக்கையும்

"ஆறு பேர் டென்ட்" என்று பெட்டியில் போட்டிருந்தால் நாலு பேர் பையோடு படுக்கலாம் என்று அர்த்தம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கொல்லையிலோ பார்க்கிலோ ஒருமுறை விரித்துப் பாருங்கள். கம்பி ஒன்று குறைவது, ஆணிப் பை காணாமல் போவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். டென்டுக்கு அடியில் விரிக்கும் தார்பாய் டென்டின் ஓரத்தைவிட இரண்டு அங்குலம் உள்ளே அடங்க வேண்டும். வெளியே நீட்டினால் மழைத் தண்ணீர் அதில் வழிந்து டென்டுக்கு அடியில் தேங்கும்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். வெறும் காற்று மெத்தையில் படுத்தால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து முதுகைச் சில்லிட வைக்கும், அதனால் அதன் மேல் ஃபோம் பாய் ஒன்று போடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாங்கக்கூடிய எல்லை, சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. பள்ளத்தாக்குக்கு 30 டிகிரி ஃபாரன்ஹீட் பை போதும், துவாலமி என்றால் 20. குளிருக்குப் பயந்து டென்டின் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். மூச்சு ஈரம் உள்துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும்.

4. சமையல்

இரண்டு பர்னர் புரொப்பேன் அடுப்பு வசதி. ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர், இரண்டு பர்னரையும் முழுத் தீயில் வைத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாலு பேருக்கு இரண்டு இரவு என்றால் மூன்று சிலிண்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பள்ளத்தாக்கில் சுமார் 96 டிகிரி, துவாலமியில் 91. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. முதல் இரவுக்கு வீட்டிலேயே கிளறிய புளியோதரை, காலையில் வறுத்து எடுத்துப்போன ரவையில் உப்புமா, மதியம் தயிர்சாதம், இரவு பாசிப்பருப்புக் கிச்சடி என்று வைத்தால் அடுப்பு வேலை குறையும். தயிருக்குக் கூலரில் பெரிய ஐஸ் கட்டி போடுங்கள், சில்லு ஐஸ் சீக்கிரம் உருகிவிடும்.

5. கரடிப் பெட்டி

இதில் அலட்சியம் கூடவே கூடாது. யோசெமிட்டியில் இருப்பவை கறுப்புக் கரடிகள். அவை ஆளைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடி வரும். காரின் கதவை வளைத்துத் திறக்கும் பலம் அவற்றுக்கு உண்டு. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகி ஆட்களிடம் துணிந்துவிட்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவருகிறது. விதியை மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

ஒவ்வொரு சைட்டிலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பெரும்பாலானவை 45 அங்குல அகலம், 33 ஆழம், 18 உயரம். உங்கள் கூலர் அதற்குள் போகுமா என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், பேபி வைப்ஸ், தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், குப்பைப் பை எல்லாம் உள்ளே போக வேண்டும். இருட்டிய பிறகு காரில் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. குழந்தையின் கார் சீட்டைத் தூக்கி உதறுங்கள், மடிப்பில் முறுக்குத் துணுக்கு கட்டாயம் இருக்கும்.

சமைக்கும்போதும் பெட்டியைத் திறந்தே போடாமல், எடுத்ததும் மூடுங்கள். தாழ்ப்பாள் விழுந்ததா என்று கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. பாத்திரம் கழுவிய தண்ணீரை டென்டுக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள்.

6. நெருப்பும் ஆறும்

பள்ளத்தாக்கில் கோடையில் மாலை 5 முதல் இரவு 10 வரைதான் கேம்ப்ஃபயர். அங்கே சுள்ளி பொறுக்கக் கூடாது. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோனால் மரத்தைத் துளைக்கும் பூச்சிகளும் கூடவே போகும், அதனால் பூங்காவுக்குப் பக்கத்தில் வாங்குங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது.

பள்ளத்தாக்கில் ஓடும் மெர்செட் ஆறு ஜூனில் பனி உருகிய தண்ணீர். முழங்கால் அளவு ஓட்டமே காலை வாரிவிடும். அருவிக்கு மேலே எந்த மாதத்திலும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

7. போகும்போதும் வரும்போதும்

பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. உள்ளே நுழையும் முன் டாங்கை நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னல் வராது, வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைட்டைக் காலி செய்யும் நேரம் மதியம் 12 மணி. பத்தரைக்கே டென்டைத் திறந்து வெயில் காட்டினால் பனி ஈரம் காயும். ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் துணியை விட்டுப் போகவே போகாது. காய நேரமில்லை என்றால் சுருட்டிக் கொண்டுவந்து, அன்று இரவே வீட்டுக் கராஜில் விரித்துப் போடுங்கள்.