நீஹா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

லெபனானுக்கு வேலைக்குப் போகிற திருக்கோணமலைப் பிள்ளைகளே, ஒரு லீவு நாளையாவது பழைய ரோமக் கோயில் இருக்கிற நீஹா என்ற மலைக் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். நான் போனது ஒரே தடவை, இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெய்ரூட் கோலா சந்தியில் வான் ஏறி ஸாஹ்லேயில் இறங்குங்கள். அங்கிருந்து டாக்ஸி. போக வரச் சேர்த்தே விலை பேசுங்கள், மலைக் கிராமத்தில் திரும்பி வர வண்டி பிடிப்பது கஷ்டம். வழியில் சோதனைச் சாவடி இருக்கும், இக்காமாவை (வதிவிட அனுமதி அட்டை) மறக்க வேண்டாம். மாரியில் பனி கொட்டும். சித்திரை, வைகாசி நல்லது.

பெரிய ரோமக் கோயிலின் அகலப் படிகளில் ஆறுதலாக ஏறுங்கள். சுவரில் இரண்டு கற்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், அவ்வளவு நெருக்கம். உள்ளே பின்பக்கம் இன்னும் சில படிகள், அதற்கு மேல்தான் மூலஸ்தானம்.

இங்கே கும்பிட்ட தெய்வம் ஹதரானேஸ். அந்தத் தெய்வத்தின் கட்டளைக்காக 20 வருடம் பாண் தொடாமல் இருந்த ஹொக்மேயா என்ற கன்னிப்பெண்ணைப் பற்றி நீஹாவில் கிடைத்த லத்தீன் கல்வெட்டு சொல்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிற எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

கால் தாங்கினால் மேலே ஹோஸ்ன் நீஹா என்ற இடத்துக்கும் ஏறுங்கள். அங்கேயும் இடிந்த கோயில்கள் உண்டு.

அப்புறம், ஊரிலிருந்து புறப்படுமுன் நம் திருக்கோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் மீன் செதுக்கிய கல் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போர்த்துக்கீசர் 1622-இல் இடித்த கோணேசர் கோயிலின் கல் அது.