நேட்டோ விரிவாக்கச் செய்தியை ரீயூனியனிலிருந்து வாசிக்கும் முறை

பிரான்சின் பகுதியான நம் ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் செய்திகளில் 'ஒத்தான்' என்று காதில் விழுவது, வட அட்லாண்டிக் நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோதான். அதில் புதிய நாடு சேர்கிறது என்றோ, கூட்டணிப் படைகள் புதுப்பிக்கப்படுகின்றன என்றோ கேட்டால், அமெரிக்காவின் பங்கைத் தலைவர்களின் மேடைப் பேச்சைக் கொண்டு அளக்க வேண்டாம். பத்திரங்களையும் வாக்குகளையும் பாருங்கள்.

முதலில், 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டு நேட்டோவை நிறுவிய ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 பிரிவுகளே. தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். ஒரு ஐரோப்பிய நாட்டை அழைக்க உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக இசைய வேண்டும் என்றும், அந்நாடு தன் இணைவுப் பத்திரத்தை அமெரிக்க அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் 10ஆம் பிரிவு சொல்கிறது. 2023 ஏப்ரல் 4 அன்று பிரஸ்ஸல்ஸில் பின்லாந்தின் வெளியுறவு அமைச்சர் அப்பத்திரத்தை அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஆண்டனி பிளிங்கனிடம் கொடுத்தார்; அது கைமாறியதும் பின்லாந்து 31ஆவது உறுப்பினராயிற்று.

அடுத்து அமெரிக்க செனட்டைப் பாருங்கள். ஒரு புதிய நாட்டின் இணைவை அமெரிக்கா ஏற்க அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். போலந்து, ஹங்கேரி, செக் குடியரசுக்காக 1998இல் 80–19. ஏழு நாடுகளுக்காக 2003இல் 96–0. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் 2022இல் 95–1. இவற்றுள் 1998ஆம் ஆண்டின் வாக்கையே நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் விரிவாக்கம் தேவைதானா என்ற கேள்வி அப்போது உண்மையாகவே விவாதத்துக்குரியதாக இருந்தது.

ஆனால் முன்னின்று நடத்துவது வேறு, முடிவு செய்வது வேறு. 2008இல் புக்கரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உறுப்பினர் தகுதிக்கான செயல்திட்டத்தில் சேர்க்க ஜார்ஜ் புஷ் வற்புறுத்தியபோது, ஜெர்மனியும் பிரான்சும் மறுத்தன. இரு நாடுகளும் ஒருநாள் உறுப்பினராகும் என்று தேதியில்லாத ஒரு வாக்குறுதியே அறிக்கையில் இடம்பெற்றது. தாழ்ப்பாளில் நம் பாரிஸின் கையும் இருந்தது. ஸ்வீடனோ துருக்கி, ஹங்கேரி ஆகியவற்றின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து, 2024 மார்ச் 7 அன்றுதான் 32ஆவது உறுப்பினராயிற்று.

நவீனமயமாக்கல் பற்றிய செய்தியானால், தலைமை யாருடையது, பணம் யாருடையது என்று கேளுங்கள். 1951இல் ஐசனோவர் தொடங்கி, ஐரோப்பாவிலுள்ள நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி எப்போதும் அமெரிக்கரே. விரைவு எதிர்வினைப் படை 2002இல் அமெரிக்கா முன்வைத்து, பிராகா மாநாட்டில் ஏற்கப்பட்ட யோசனை. படைகளை உருமாற்றும் பொறுப்புள்ள தலைமையகமும் 2003இல் அமெரிக்காவின் நார்ஃபோக்கில்தான் அமைந்தது. ஆயினும், 1966இல் தான் விலகிய ஒருங்கிணைந்த படைத்தலைமைக்குப் பிரான்ஸ் 2009இல் திரும்பியதிலிருந்து, அந்த நார்ஃபோக் தலைமையகத்தின் தளபதி பிரெஞ்சுக்காரரே. பணத்தைப் பொறுத்தவரை, 2014இல் வேல்ஸ் மாநாட்டில் பாதுகாப்புச் செலவுக்கான இலக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம். 2025இல் டிரம்பின் நெருக்குதலுக்குப் பின் ஹேக் மாநாட்டில், 2035க்குள் 5 சதவீதம்.

இறுதியாக, ஒரு உலகப்படத்தை விரித்து, கடகரேகையின் மேல் அளவுகோலை வைத்து, 6ஆம் பிரிவை வாசியுங்கள். தீவுகளைப் பொறுத்தவரை, வட அட்லாண்டிக்கில் அந்த ரேகைக்கு வடக்கே உள்ளவற்றையே ஒப்பந்தம் காக்கிறது. தெற்கே 21ஆம் பாகையில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் அதில் அடங்காது. அந்தப் பிரிவின்படி பசிபிக்கில் இருக்கும் ஹவாயும் அடங்காது.