செகண்ட் லைஃப் படங்களில் ஏஐ திருத்தம்: அவதாரின் முகம் மாறாமல் செய்வது எப்படி?

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் உங்கள் அவதாரை (அங்கே உங்களுக்குப் பதிலாக உலவும் உருவத்தை) எடுத்த ஸ்னாப்ஷாட்டை முழுசாக ஏஐ-யிடம் கொடுத்து மெருகேற்றச் சொன்னால், படம் பளபளவென்றுதான் வரும். ஆனால் ஸ்லைடர்களை நகர்த்தி நகர்த்தி நீங்கள் செதுக்கிய முகம் காணாமல் போய், ஆயிரம் படங்களில் பார்த்துச் சலித்த பொம்மை முகம் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் செகண்ட் லைஃபுக்குள்ளேயே சரிசெய்ய முடிந்ததை அங்கேயே முடித்துவிடுங்கள். மிச்சத்தை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது திருத்த வேண்டிய பகுதியை மட்டும் குறித்து, ஏஐ-யிடம் விடலாம்.

1. வெளிச்சமும் கேமராவும்

செகண்ட் லைஃபுக்குள் நுழைய உதவும் பயர்ஸ்டார்ம் வியூவரில் ஆல்ட் + பி அழுத்தினால் போட்டோடூல்ஸ் என்ற படக் கருவிச் சாளரம் திறக்கும். நிழல்களை இயக்குங்கள். பர்சனல் லைட்டிங்கில் சூரியனைச் சற்றுத் தாழ்த்தி, பக்கவாட்டுக்குக் கொண்டுவாருங்கள். உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும். கேமராவை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். கண்ட்ரோல் + 0 சில முறை அழுத்திப் பார்வைக் கோணத்தைக் குறுக்கிவிட்டு, கேமராவைப் பின்னால் நகர்த்துங்கள். பழைய கோணத்துக்குத் திரும்ப கண்ட்ரோல் + 9.

2. படம் பிடித்தல்

டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் முழுதாக இறங்கட்டும். பிறகு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ். பிஎன்ஜி வடிவத்தில் கணினியில் சேமியுங்கள். ஜேபெக் விட்டுவைக்கும் கட்டங்களை ஏஐ தோலின் அமைப்பு என்று நினைத்துக் கூர்மையாக்கிவிடும்.

பின்னணி மங்கல் வேண்டுமானால், அதே ஃப்ரேமில் மங்கலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். ஒளி ஊடுருவும் முடி இழைகளுக்கு ஆழக் கணக்கு (கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது) சரியாக இருக்காது. முடியின் ஓரம் பின்னணியோடு சேர்ந்து மங்கும்போது இரண்டாவது படத்திலிருந்து முடியை எடுத்துப் பொருத்தலாம்.

3. மாஸ்க்

முழங்கை மடிப்பு, தோளுக்குள் புகுந்த முடி போன்றவற்றுக்கு லிக்விஃபை (இழுத்து வடிவம் மாற்றுவது), குளோன் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடுவது) போதும். ஏஐ தேவைப்படுவது பெரும்பாலும் விரல்களுக்கும், உடைக்குள் நுழைந்த கைகளுக்கும்தான்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் (படம் உருவாக்கும் ஏஐ) பிளக்இன் வைத்திருப்பவர்கள் முதலில் லேயரை (பட அடுக்கை) நகலெடுங்கள். பழுதான இடத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தேர்ந்தெடுத்து, ஓரத்தை 10 பிக்சல் அளவுக்கு மென்மையாக்குங்கள். மாற்றத்தின் வலிமை (முழு மாற்றம் 1 என்றால்) தோலுக்கு 0.3, விரல்களுக்கு 0.5 என்று தொடங்கலாம். 0.7-ஐத் தாண்டினால் அது உங்கள் கையாக இருக்காது.

இரண்டு இடங்களில் எல்லோரும் சறுக்குவார்கள். ஒன்று அளவு: ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் பதிப்பு 1024 × 1024 பிக்சல் அளவுக்குப் பழக்கப்பட்டது. படத்தில் 100 பிக்சலே இருக்கும் கையை அப்படியே கொடுத்தால் கூழாகத்தான் வரும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கித் திருத்தி, மீண்டும் சுருக்கி ஒட்டுங்கள். இன்னொன்று, என்ன வேண்டும் என்று ஏஐ-க்கு எழுதும் வர்ணனை. கையை மாஸ்க் செய்துவிட்டு "தோட்டத்தில் நிற்கும் பெண்" என்று எழுதினால், உள்ளங்கையில் குட்டிப் பெண் ஒருத்தி முளைத்தாலும் முளைப்பாள். மாஸ்க்குக்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

4. சரிபார்த்தல்

திருத்திய லேயரை, கீழே உள்ள மூலப் படத்திலிருந்து மாறிய இடங்களை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். மாஸ்க்குக்கு வெளியே முழுக் கறுப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் ஏஐ மற்ற இடங்களையும் தொட்டிருக்கிறது. அந்த இடங்களை லேயர் மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள்.

5. எதுவரை போகலாம்?

சொந்த ரசனைக்கான படத்தில் வானத்தைப் பச்சையாக்குங்கள், அவதாருக்குச் சிறகு வையுங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்காரர் விமர்சனத்துக்காகக் கொடுத்த உடை என்றால் கதை வேறு. ஏஐ தையலை நேராக்கும், துணியில் இல்லாத ஜரிகையைச் சேர்க்கும். பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். அத்தகைய படத்தில் உடையின் மேல் மாஸ்க் விழவே கூடாது. போட்டிக்கு அனுப்பும்போது ஏஐ பற்றிய விதியைப் படித்துவிட்டு, பயன்படுத்திய இடத்தைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். பிறர் நிலத்தில் படம் எடுக்கும் முன் அபவுட் லேண்ட் சாளரத்தில் கவனன்ட் (நில விதிகள்) பகுதியையும் ஒருமுறை பாருங்கள். சில உரிமையாளர்கள் அங்கே தடை எழுதி வைத்திருப்பார்கள்.