சிறுமூளையில் புலன்கள் இணைவதை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுமூளைக்கு வரும் செய்திகளைப் பெறும் சிறிய நரம்புச் செல்களான கிரானியூல் செல்களில் மின்பதிவு எடுக்கத் தொடங்கும் மாணவர்கள், எங்கள் தலைமுறை செய்து திருந்திய தவறுகளையே மீண்டும் செய்வதைக் காண்கிறேன். மின்முனை அடைபடுவது, விலங்கின் உடல்வெப்பம் குறைவது போன்றவை தாமே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே மடிப்பு, ஒரே செல் அன்று

ஒலிக்கும் ஒளிக்கும் சிறுமூளையின் ஒரே மடிப்பு துலங்கினால், புலன்கள் அங்கே இணைகின்றன என்று எழுதிவிடுகிறார்கள். கிரானியூல் செல்லுக்குச் சராசரியாக 4 குறுங்கிளைகளே உண்டு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே மாஸி இழையிடமிருந்து (சிறுமூளைக்குச் செய்தி கொண்டுவரும் நரம்பிழை) செய்தி பெறுகிறது. அருகருகே உள்ள இரு செல்களில் ஒன்று ஒலியையும் மற்றது ஒளியையும் மட்டுமே பெற்றாலும், கூட்டுப்பதிவில் இரண்டும் தெரியும். ஒரு செல்லுக்குள்ளேயே பதிவெடுத்தால்தான் இணைவு உறுதிப்படும். இஷிகாவா, ஷிமுட்டா, ஹாய்ஸர் ஆகியோர் 2015இல் சுண்டெலியில் அவ்வாறுதான் காட்டினார்கள்.

காற்றுக்கு ஓசை உண்டு

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. தொடுபுலனைத் தூண்ட மீசைமயிர்மீது காற்றைப் பீய்ச்சுவது வழக்கம். வால்வு திறக்கும்போது சொடுக்கொலி எழும், குழல்முனையிலிருந்து காற்றும் சீறும். மாணவர் தம் காதை வைத்து அது மெல்லிய ஓசை என்று முடிவு செய்கிறார். நம் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிட, சுண்டெலியோ அதற்கு வெகு மேலேயும் கேட்கிறது என்பதை அவர் எண்ணுவதில்லை.

ஒலிக்கும் தொடுகைக்கும் துலங்கும் செல்கள் கிடைத்ததாக ஒரு மாணவர் ஆய்வேட்டின் ஓர் இயலையே எழுதிக்கொண்டு வந்தார். குழல்முனையை மீசைக்கு அப்பால் திருப்பி, காற்று உடலில் படாமல் ஓசை மட்டும் எழும்படி மீண்டும் செய்யச் சொன்னேன். அடுத்துப் பதிவெடுத்த செல்லில் துலங்கல் அதே தாமதத்தோடு அப்படியே வந்தது. அது ஒலியை மட்டுமே கேட்ட செல். முந்தைய செல்களில் இந்த ஒப்பீடு எடுக்கப்படவில்லை. பதிவு முடிந்த செல்லை மீண்டும் தேடிப் பிடிக்கவும் வழியில்லை என்பதால் அந்த இயல் முழுவதும் வீணாயிற்று. சில நிமிடங்களில் முடியும் ஒப்பீட்டைத் தவிர்த்ததற்கு இது மிகப் பெரிய இழப்பு.

ஆகவே வால்வைப் பதிவு அறைக்கு வெளியே வையுங்கள். மீயொலியையும் மூடும் பின்னணி இரைச்சலை ஒலிக்க விடுங்கள். திருப்பிய குழல்முனைச் சோதனையை ஒவ்வொரு செல்லிலும் இடையிடையே சேருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: விழித்திருக்கும் விலங்கு ஓசைக்குத் திடுக்கிட்டு மீசையை அசைத்தால், அந்த அசைவின் உணர்வே ஒலித்துலங்கலாகத் தோன்றும். முகத்தை வேகமான கேமராவில் பதிந்து, அசைவுக்கு முன் வந்ததையும் பின் வந்ததையும் பிரித்துப் பாருங்கள்.

ஸ்பைக்கை மட்டும் எண்ணுதல்

கோல்ஜி செல்கள் என்னும் தடுப்பு நரம்புச் செல்களால் கிரானியூல் செல்கள் எளிதில் ஸ்பைக் (செல் வெளியே அனுப்பும் மின்துடிப்பு) எழுப்புவதில்லை. ஒரு புலனின் உள்ளீடு ஸ்பைக்குக்குத் தேவையான குறைந்தபட்ச அளவைத் தொடாமல் நிற்க, இரண்டும் சேர்ந்து வரும்போது ஸ்பைக் எழலாம். உள்வரும் மின்னோட்டத்தை அளக்காதவருக்கு முதல் உள்ளீடு இல்லாததாகவே தோன்றும்.

மயக்க மருந்து

மயக்கத்தில் கிடைத்த எண்களை விழிப்புநிலைக்கு உரியனவாக எழுதாதீர்கள்.

முழுச் சிறுமூளைக்கும் நீட்டுதல்

பூனையின் முன்காலுக்குரிய பகுதியில் பெங்ட்ஸனும் யோர்ன்டெலும் 2009இல் கண்டது, ஒரே செல்லில் வெவ்வேறு புலன்கள் இணைவதாகச் சுண்டெலியில் கண்டதற்கு நேர்மாறு: ஒரு செல்லுக்கு வரும் உள்ளீடுகள் அங்கே ஒத்த தன்மையுடையவை. பதிவெடுத்த மடிப்பின் பெயரைக் கட்டுரைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.